உளிக்கோடு

ஜனாஸாத் தொழுகைக்கு முன் பள்ளிவாசல் முற்றத்தில் கச்சிமுகம்மது கூட்டத்தைப் பார்த்து நின்றார். இறந்தவன் அவருடைய மருமகன்.

“என்ட மருமகன் றவூப் உங்களில ஆருக்கும் சொல்லால, செயலால நோவு குடுத்திருந்தா அல்லாஹ்வுக்காக மாப் செய்யுங்க” என்றார்.

“செஞ்சம்” என்றது கூட்டம்.

மூன்றாவது வரிசையில் மீராசா நின்றான். அவன் வாய் திறக்கவில்லை. மன்னிக்க அவனிடம் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்க இருந்தது. யாரிடம் கேட்க வேண்டுமோ அவன் சந்தூக்கில் கிடந்தான்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு, நோன்பு பதினாறு.

காலையில் வயல் வட்டையில் நடந்ததை எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். உழவு மெசின் பெரிய வாய்க்கால் கரைக் கட்டின் உச்சியில் நின்றது. அதற்குப் பற்றரி செத்து நாலு வருடம். சரிவில் நிறுத்தி, உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணுவது. றவூப் ஏறி இருந்தான். கியரில் போட்டு, கிளச்சை மிதித்து, உருள விட்டான். பாதிச் சரிவில் கிளச்சை விட்டான். எஞ்சின் வெள்ளைப் புகை கக்கியது. பிடிக்கவில்லை. பின் சில்லுகள் ஈர மண்ணில் இழுபட்டன. மெசின் பக்கவாட்டில் போய் வாய்க்காலுக்குள் றவூபின் மேல் கவிழ்ந்தது. வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர்தான். வரம்பு வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் ஓடி வந்தார்கள். நாலு பேரால் அதைத் தூக்க முடியாது.

அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நோன்போடு போனவன் என்றார்கள்.

வெள்ளைப் புகை என்றதை மீராசா இரண்டு பேரிடம் திரும்பக் கேட்டான். இரண்டு பேரும் வெள்ளை என்றுதான் சொன்னார்கள்.

மூன்று நாளுக்கு முன் அந்த மெசினின் டீசல் பம்பைப் பூட்டியவன் அவன்.

*

பம்பைப் பூட்டுவது பெரிய வேலை இல்லை. டைமிங் வைப்பதுதான் வேலை. பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரச் சற்று முன் டீசல் உள்ளே போக வேண்டும். முந்தினால் எஞ்சின் சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கும். பிந்தினால் வெள்ளையாகப் புகைக்கும். ஆறிய எஞ்சின் எளிதில் பிடிக்காது.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் மெசினுக்கு அடியில் படுத்து, சிறிய ஜன்னல் வழியாக ப்ளைவீலைக் கம்பியால் பல்லுப் பல்லாகத் தள்ளுவான். அதில் வெட்டியிருக்கும் கோடு ஊசி முனைக்கு நேரே வந்ததும் சொல்லுவான். மற்றவன் பம்பின் முதல் வாயில் கொக்குக் கழுத்துப் போல் வளைந்த ஒரு சின்னக் குழாயைப் பூட்டி வைத்திருப்பான். பம்பை மெல்லச் சரிப்பான். குழாயில் டீசல் ஒழுக்காக வரும். பிறகு துளியாகும். பிறகு துளி நிற்கும். நிற்கிற இடத்தில் நட்டை இறுக்க வேண்டும்.

பதினொரு வருடமாகத் துளியைப் பார்த்தவன் மீராசா. அடியில் படுத்தவன் அழகரெத்தினம். கோடு தாண்டிப் போனால் அழகரெத்தினம் ஏசுவான், தன்னைத்தானே. தாண்டியதைச் சும்மா பின்னால் தட்டி நிறுத்தக் கூடாது. ப்ளைவீலையும் பம்பையும் இணைக்கும் பல்சக்கரங்களில் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இடைவெளி இருக்கிறது. தேய்ந்த எஞ்சினில் அது அதிகம். பின்னால் தட்டும்போது ப்ளைவீல் திரும்பும், பம்ப் திரும்பாது. நன்றாகப் பின்னுக்குக் கொண்டுபோய், ஓடுகிற பக்கமாகவே மறுபடி வர வேண்டும். அழகரெத்தினம் ஒருநாளும் இதில் சோம்பல் பட்டதில்லை.

சித்திரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடந்த குழப்பத்துக்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. அவன் வீடு நற்பிட்டிமுனையில். கல்முனைக்குடியில் இருக்கும் மீராசாவின் கொட்டிலுக்குச் சைக்கிளில் கால் மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலத்தை இந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் கடக்கவில்லை.

நோன்பு பதின்மூன்று அன்று மீராசா தனியாக நின்று டைமிங் வைத்தான். அடியில் படுத்து ப்ளைவீலைத் தள்ளினான். எழுந்து வந்து துளியைப் பார்த்தான். மறுபடி படுத்தான். வாய் காய்ந்திருந்தது. குழப்பத்தால் அந்த வருடம் சின்னப்போகம் பிந்தியிருந்தது. விடிந்தால் மெசின் வயலில் நிற்க வேண்டும்.

றவூப் வாசலில் குந்தியிருந்தான். பள்ளியிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வந்திருந்தான், இரண்டு பேருக்கும்.

“கஞ்சி ஆறுதுடா. நோன்பு உனக்குத்தான். மெசினுக்கில்ல.”

“பாங்கு சொல்லட்டும்.”

“பாங்கு சொல்லக்குள்ள நீ மெசினுக்கடியில கிடந்தா கஞ்சிய நான் குடிச்சிருவன். மறுகா பள்ளியில போய் அழாத.”

கோடு தாண்டிப் போனது, ஒரு சுண்டுவிரலகலம். மீராசா கம்பியால் பின்னால் ஒரு தட்டுத் தட்டினான். கோடு ஊசி முனையில் வந்து நின்றது. எழுந்து பம்பைச் சரித்தான். துளி நின்றது. நட்டை இறுக்கினான். உளியை வைத்து ஓர் அடி. பம்பின் விளிம்பிலும் எஞ்சினின் உடம்பிலும் சேர்ந்து ஒரு கோடு விழுந்தது. மற்ற மெக்கானிக்மார் நேராகப் போடுவார்கள். அவன் சற்றுச் சாய்த்துப் போடுவான். சாய்ந்த கோடு என்றால் மீராசாவின் வேலை என்று பொத்துவில் வரைக்கும் தெரியும்.

பாங்கு கேட்டது. இரண்டு பேரும் கஞ்சி குடித்தார்கள்.

பிறகு ஒழுங்கையில் நின்ற ஆறு பேர் மெசினைத் தள்ளினார்கள். மூன்றாம் தரம்தான் பிடித்தது.

“கொஞ்சம் புகைக்குது” என்றான் றவூப்.

“குழாய்க்குள்ள காத்து. ஓடினாச் சரியாகும்.”

றவூப் அவனைப் பார்த்தான். “ஓம் ஓம்” என்றான். ஏறிப் போனான்.

*

நாலாம் நாள் மெசினைச் சங்கிலி போட்டு வாய்க்காலிலிருந்து எடுத்துக் கச்சிமுகம்மதுவின் வீட்டு வளவில் கொண்டுவந்து விட்டார்கள். மீராசா போய் எஞ்சினிலிருந்து தண்ணீரை வடித்தான். எண்ணெய் மாற்றினான். துருப்பிடிக்காமல் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டான். பம்பைத் தொடவில்லை. மேலே கிடுகு போட்டு மூடினான்.

“இத ஆரும் தொட வேணாம் மாமா” என்றான். “நான் பாக்கன்.”

பார்த்தால் தெரிந்துவிடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் தனியாகப் பார்த்தால் தன் கையை நம்ப முடியாது. அதனால் பார்க்கவில்லை. அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

இன்னொன்றையும் சொல்லிக்கொண்டான். பம்ப் பிந்தியிருந்தால் றவூப் சொல்லியிருப்பான். பன்னிரண்டு வருடம் அந்த மெசினை ஓட்டியவன். சத்தத்தை வைத்தே எந்த நட்டு இளகியிருக்கிறது என்று சொல்பவன். இரண்டு நாள் ஓட்டியிருக்கிறான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே பம்ப் பிந்தவில்லை.

ஆனால் மெசின் ஏன் பெரிய கட்டில் நின்றது? றவூப் எப்போதும் வயல் குடிசையான வாடிக்குப் பக்கத்தில், கிளை வாய்க்கால் கட்டில்தான் நிறுத்துவான். அது இடுப்பளவுதான் உயரம். டைமிங் சரியாக இருந்தால் அந்தச் சரிவு போதும். பெரிய கட்டு ஆள் உயரம். அதில் மெசினை ஏற்றுவதே கஷ்டம். கூடுதல் வேகம் வேண்டும் என்கிறவன்தான் அதில் ஏற்றுவான்.

இதை அறியக்கூடியவள் ஒருத்திதான். றவூபின் மனைவி, கச்சிமுகம்மதுவின் மகள் சுஹறா. அவள் கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் அவள் அந்நிய ஆண்களுக்கு முன் வரமாட்டாள். மீராசாவை அவள் காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிறவள்தான். இரத்த உறவு இல்லை.

அவனுடைய மனைவி றுகையா வெள்ளிக்கிழமைதோறும் சுஹறாவிடம் போய் வந்தாள்.

“எப்படி இரிக்கா?”

“எப்படி இரிக்கிற. வெள்ளையக் கட்டிக்கிட்டு, ஜன்னலையும் மூடிக்கிட்டு.”

“மெசினப் பத்தி ஏதும் கதைச்சாவா?”

“புருசன் மவுத்தான பொம்புள மெசினப் பத்தியா கதைப்பா? என்னத்த கேக்கணும் ஒங்களுக்கு? சொல்லுங்க, கேட்டுட்டு வாறன்.”

“ஒண்டுமில்ல.”

“மூணு கிழமையா ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல. சோறும் ஒண்டுமில்லாமத்தான் போகுது.”

றுகையாவிடம் சொல்லி அனுப்பலாம். அவன் அனுப்பவில்லை. வேறொருவர் வாயால் போகக்கூடிய செய்தி அல்ல அது. அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வெட்கம் அவனிடம் பழைய நோய். இரண்டு வருடத்துக்கு முன் சந்தைத் தேத்தண்ணிக் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். றவூப் சிரித்துக்கொண்டு, “மீராசா பூட்டின தண்ணிப் பம்ப் ஒழுகுது. குடம் ஒண்டு வெச்சா வீட்டுக்குத் தண்ணி அள்ளத் தேவல்ல” என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மீராசா தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து வந்தான். மூன்று நாள் கொட்டிலைத் திறக்கவில்லை. றவூபோடு ஒரு மாரிப்போகம் முழுக்கக் கதைக்கவில்லை. விதைப்பிலிருந்து சூடு அடிக்கும்வரை. கடைசியில் சூடு அடித்து முடிந்த வெள்ளிக்கிழமை றவூப்தான் வட்டிலப்பத்தோடு வீடு தேடி வந்து மாப் கேட்டான். மீராசா கொடுத்தான்.

அதன் பிறகு றவூப் அவனுடைய வேலையில் ஒரு குறையும் சொன்னதில்லை. குறை இல்லாததால்தான் என்று மீராசா நினைத்திருந்தான்.

*

புரட்டாசி பிறந்தது. வானம் மேற்கே கறுக்கத் தொடங்கியது. மாரி உழவு வருகிறது. கச்சிமுகம்மது கொட்டிலுக்கு வந்தார்.

“அக்கரைப்பற்றால ஒரு மெக்கானிக்கக் கூட்டி வரப் போறன்” என்றார். “நீ பாக்கன், பாக்கன் எண்டு மூணு மாசத்துக்கு மேலாகுது. கிடுகுக்குள்ள எலி குட்டி போட்டிரிக்கு.”

“கூப்பிட வேணாம் மாமா.”

“உனக்கு அதுக்குக் கிட்டப் போக ஏலாது. விளங்குது. எனக்கும் அதப் பாத்துக்கிட்டுச் சோறு திங்க ஏலாது. எண்டாலும் ஆறு ஏக்கரும் என்ட மகள்ட வயித்துப்பாடும் இரிக்கே.”

“ஞாயிற்றுக்கிழம முடிச்சித் தாறன்.”

“இந்த ஞாயிறா, மறுமைக்குள்ள வாற ஞாயிறா?”

“இந்த ஞாயிறு.”

மறுநாள் மீராசா சைக்கிளை எடுத்துக்கொண்டு நற்பிட்டிமுனைக்குப் போனான். சந்தியில் இருந்த காவல்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

அழகரெத்தினம் வேலியோரம் ஒரு தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தான். தலையை நிமிர்த்தினான். கையைத் துடைத்தான்.

“ஆறு மாசம் எடுத்ததோ உனக்கு?”

“உனக்கும் அதே ரோட்டுத்தானே.”

“எனக்குப் பயம் மச்சான்.”

“எனக்கும்.”

அழகரெத்தினம் ஒரு பெட்டியைத் தள்ளிப் போட்டான். மீராசா இருந்தான். இரண்டு பேரும் பிரித்துக் கிடந்த எஞ்சினைப் பார்த்தார்கள்.

“றவூப்ட மையத்துக்கு வர வெளிக்கிட்டன்” என்றான் அழகரெத்தினம். “சந்தி மட்டும் வந்தன். ஆக்கள் நிண்டாங்க. திரும்பிற்றன்.”

“ம்.”

“என்ன நடந்ததெண்டு இஞ்ச ஒவ்வொருத்தன் ஒவ்வொரு கதை சொல்றான்.”

மீராசா சொன்னான். பம்பைக் கழற்றியதையும் பூட்டியதையும் சொன்னான். அழகரெத்தினம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஆர் அடியில கிடந்த?”

“நான்தான்.”

“துளி பாத்த?”

“நான்தான்.”

அழகரெத்தினம் எழுந்தான். உள்ளே போனான். கொக்குக் கழுத்துக் குழாயை எடுத்து வந்தான். முன்பு இரண்டு பேரும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். இவ்வளவு நாளும் அவனிடம் இன்னொன்று இருந்தது மீராசாவுக்கு மறந்துபோயிருந்தது.

“உன்டது வளைஞ்சிரிக்கும்” என்றான் அழகரெத்தினம். “நீ ஒண்டையும் ஒழுங்கா வெக்க மாட்டாய்.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை கிடுகை நீக்கினார்கள். எலிக் கூட்டை எடுத்து வேலிக்கு அப்பால் வைத்தார்கள். வீட்டின் ஜன்னல்கள் மூடியிருந்தன. சுஹறா அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தாள். அவளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பம்பை அவிழ்க்கவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவு. மீராசா குழாயைப் பூட்டினான். டீசலைத் திறந்துவிட்டான். அழகரெத்தினம் சாக்கை விரித்து அடியில் படுத்தான்.

“தள்ளுறன்” என்றான்.

டீசல் ஒழுக்காக வந்தது. மெலிந்தது. துளியாயிற்று. ஒரு துளி விழுந்தது. அடுத்தது விழ நேரம் எடுத்தது. அடுத்தது குழாயின் நுனியில் திரண்டு, விழாமல் நின்றது.

“நில்” என்றான் மீராசா.

அடியில் கம்பி நின்றது.

“எங்க நிக்குது?”

“பொறு.”

“கோடு எங்க நிக்குது மச்சான்?”

“மறுகா ஒருக்காப் பாப்பம்” என்றான் அழகரெத்தினம்.

இரண்டு முழுச் சுற்று. பல்லுப் பல்லாக. கம்பி இரும்பில் உரசும் சத்தம். துளி திரண்டு நின்றது. “நில்.” மூன்றாம் தரமும் பார்த்தார்கள்.

அழகரெத்தினம் வெளியே வந்தான். இடது கையை நீட்டி, சுண்டுவிரலைப் பிடித்துக் காட்டினான்.

“இவ்வளவு தாண்டி நிக்குது. மூண்டு தரமும்.”

மீராசா தன் சுண்டுவிரலைப் பார்த்தான்.

“இது தண்ணிக்குள்ள கிடந்த மெசின்” என்றான் அழகரெத்தினம். “தலைகீழாக் கவுண்டிருக்கு. சங்கிலி போட்டு இழுத்திருக்கானுகள். பம்ப் அசைஞ்சிரிக்கும். சத்தியமா அசைஞ்சிரிக்கும்.”

மீராசா சீலைத் துண்டை டீசலில் நனைத்துப் பம்பின் விளிம்பைத் துடைத்தான். சேறு போனது. உளிக்கோடு வெளியே வந்தது. சாய்ந்த கோடு. பம்பிலிருந்து எஞ்சினுக்கு ஒரே கீறலாகப் போயிற்று. ஒரு மயிர் கூட விலகவில்லை.

“அசையல்ல” என்றான்.

அழகரெத்தினம் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். சாரத்தில் கையைத் துடைத்தான். அவனுடைய கை சுத்தமாகத்தான் இருந்தது.

“நான் அடியில கிடந்திருந்தா...”

“நீ கிடக்கல்ல.”

“அதத்தான் சொல்றன்.”

“அது உன்ட பிழையில்ல.”

“ஆரும் பிழையெண்டு சொல்லல்லத்தான்” என்றான் அழகரெத்தினம். மறுபடி அடியில் போய்ப் படுத்தான். “வா. சரியா வெப்பம்.”

வைத்தார்கள். கோடு ஊசி முனைக்கு வந்தது. தாண்டவில்லை. மீராசா பம்பைச் சரித்தான். துளி நின்றது. இறுக்கினான். உளியை எடுத்தான். எஞ்சினில் இருந்த பழைய கோட்டுக்கு நேரே பம்பில் புதிய கோடு போட்டான். பம்பில் இப்போது இரண்டு கோடுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நெல்மணியின் அகலம்.

பழைய கோட்டை அராவி அழிக்கவா என்று அழகரெத்தினம் கேட்டான். வேண்டாம் என்றான் மீராசா.

பக்கத்து வளவுகளிலிருந்து நாலு பேர் வந்து தள்ளினார்கள். சமதரை. பத்து அடி போகவில்லை, எஞ்சின் பிடித்தது. புகை இல்லை. கச்சிமுகம்மது வாசலில் நின்று பார்த்தார். தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். மூடிய ஜன்னல்கள் அந்தச் சத்தத்தில் அதிர்ந்தன. மீராசா ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினான்.

*

இத்தா முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு மீராசா றுகையாவோடு போனான். வந்த பெண்கள் போய்விட்டிருந்தார்கள். கச்சிமுகம்மது வயலில் இருந்தார். சுஹறா கூடத்தில், உள்வாசல் ஓரமாகப் பாயில் இருந்தாள். இன்னும் வெள்ளைதான் கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். றுகையா அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். மீராசா கதிரையின் நுனியில் இருந்தான்.

“தங்கச்சி, ஒண்டு சொல்லணும்.”

“சொல்லுங்க காக்கா.”

“மெசின்ட பம்ப் பிந்தி அடிச்சிரிக்கு. நான் பிழையா வெச்சது. அதாலதான் அண்டைக்கு எஞ்சின் புடிக்கல்ல.”

நான்கு மாதமும் பத்து நாளும் அவன் அடுக்கி வைத்திருந்த சொற்கள் அவ்வளவுதான்.

றுகையா திரும்பி அவனைப் பார்த்தாள்.

“தெரியும்” என்றாள் சுஹறா.

வெளியே யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது.

“மாமா சொன்னாரா?”

“வாப்பாக்குத் தெரியா. எங்கட அவர்தான் சொன்னார். ரெண்டாம் நாளே, சஹர் சோறு திங்கக்குள்ள. பம்ப் பிந்துது, சின்னக் கட்டில உருட்டினாப் புடிக்குதில்ல, நாளைக்குப் பெரிய கட்டுக்கு ஏத்தணும் எண்டார். அப்ப மீராசா காக்காட்டக் கொண்டு போய்க் காட்டுங்களன் எண்டன்.”

சுஹறா பாயின் விளிம்பில் ஓர் ஓலையை நகத்தால் நிமிண்டினாள்.

“அவன் நோன்போட தனிய நிண்டு செஞ்சவன், இப்பப் போய்ச் சொன்னா மறுகா ஒரு போகத்துக்குக் கதைக்க மாட்டான், பெருநாள் முடியட்டும், மெல்லமாச் சொல்லுவம் எண்டார். சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னார்.”

மீராசா தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்களில் கறுப்பு இருந்தது. எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு.

“நான் ரெண்டாம் தரம் சொல்லல்ல” என்றாள் சுஹறா. “நீங்க கோவமா இரிந்த அந்த மாரிக்கு அவருக்குச் சோறு இறங்கல்ல. மறுகா அப்பிடி வேணாம் எண்டு நானும் உட்டுட்டன்.”

“சொல்லியிரிக்கலாம்” என்றான் மீராசா. “வெக்கப்பட்டிருப்பன். ரெண்டு நாள் கொட்டிலத் துறக்காம இரிந்திருப்பன். அவ்வளவுதான்.”

“ஓம்” என்றாள் சுஹறா. “அவ்வளவுதான்.”

றுகையா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“மாப் கேக்க வந்தன்” என்றான் மீராசா.

சுஹறா நிமிர்ந்தாள். அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

“என்ட பங்க நான் தந்துட்டன் காக்கா. உள்ளுக்கு இரிந்த நாளெல்லாம் அதத்தான் செஞ்சன். ஒரு நாள் தருவன், அடுத்த நாள் திருப்பி எடுப்பன். இப்ப எடுக்க மாட்டன்.” பிறகு சொன்னாள்: “அவர்ர பங்கு அவர்ர. அத நான் எப்பிடித் தாற?”

றுகையா தேத்தண்ணி ஊற்ற எழுந்து உள்ளே போனாள். அவள் கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

எழும்பும்போது சுஹறா கேட்டாள்: “இப்ப சரியா அடிக்குதா?”

“ஓம்.”

“அண்டைக்கு ஞாயிற்றுக்கிழம கேட்டன். உடன புடிச்சிது” என்றாள்.

*

மாரி உழவுக்குக் கச்சிமுகம்மது மசூர் என்ற ஒருவனை ஓட்டுநராக வைத்தார். சம்மாந்துறைக்காரன். சிரித்த முகம்.

முதல் நாள் சுபஹு தொழுதுவிட்டு மீராசா சைக்கிளில் வட்டைக்குப் போனான். முதல் மழை பெய்து வரம்புகள் கறுத்திருந்தன. மெசின் கிளை வாய்க்கால் கட்டில், பழைய இடத்தில் நின்றது. அப்பால் பெரிய கட்டு தெரிந்தது. அதில் சில்லு இழுபட்ட இடத்தில் புல் முளைத்திருந்தது.

மசூர் ஏறினான். உருள விட்டான். அரைவாசிச் சரிவில் எஞ்சின் பிடித்தது. அவன் அதைச் சமதரையில் நிறுத்தி, ஓட விட்டபடி இறங்கி வந்தான். வயலுக்கு வந்த ஐந்தாறு பேர் அருகில் நின்றார்கள்.

“என்ன காக்கா, விடியக்காலமயே?”

“பம்ப் எப்படி?”

“நல்லம்.”

“பிழை ஏதும் இரிந்தாச் சொல்லு.”

“உங்கட வேலையில என்ன பிழை?” என்றான் மசூர். நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் தலையாட்டினார்கள்.

“இரிந்தாச் சொல்லு. ஆக்களுக்கு முன்னால எண்டாலும் சொல்லு.”

“சொல்றன், சொல்றன்.”

மசூர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். இவன் சொல்ல மாட்டான் என்று மீராசாவுக்கு விளங்கியது. ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி மீராசாதான் அவர்களைப் பழக்கியிருந்தான்.

அடுத்த நாளும் சுபஹுக்குப் பிறகு போனான். மெசினுக்குப் பத்தடி தள்ளி நின்று, எஞ்சின் பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.